சாணித்தாளில் வந்த கதைகள்: கதைப் பத்திரிகைகளும் வட சென்னையும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று பீரோ நிறையப் பழைய வாரப் பத்திரிகைகளும் மாத நாவல்களும் இருக்கின்றன. அப்பா தங்கசாலைப் பக்கம் பைண்டிங் வேலை செய்தவர். பாதி அவர் சேர்த்தது, மீதி நான் சேர்த்தது. கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள், தெருவில் இருப்பவர்கள் வருகிறார்கள், “அக்கா, இது எந்தக் காலத்துப் புத்தகம்?” என்று தொடங்கி மணிக்கணக்கில் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

‘பல்ப் நாவல்’ என்கிறார்களே, அதென்ன பல்ப்?

மரக்கூழ். மரத்தை அரைத்துக் கூழாக்கிச் செய்த மலிவுத் தாளில் அச்சான கதைப் பத்திரிகைகளுக்கு அமெரிக்காவில் வைத்த பெயர் அது. 1896இல் ஃபிராங்க் மன்சி என்பவர் தன் ‘ஆர்கோசி’ பத்திரிகையை முழுக்கக் கதைகளாக மாற்றி, மட்டமான தாளில் அச்சிட்டு, பத்து சென்ட்டுக்கு விற்றார். அங்கிருந்துதான் கணக்கைத் தொடங்குவார்கள். பிறகு ஒவ்வொரு வகைக் கதைக்கும் தனிப் பத்திரிகை வந்தது: துப்பறியும் கதைக்கு ‘பிளாக் மாஸ்க்’ 1920இல், அமானுஷ்யக் கதைக்கு ‘வியர்ட் டேல்ஸ்’ 1923இல், அறிவியல் கதைக்கு ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ 1926இல். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் காகிதத் தட்டுப்பாடு, அப்புறம் பேப்பர்பேக் புத்தகங்கள், டி.வி. என்று ஒவ்வொன்றாக இடித்ததில் 1950களில் அந்த உலகம் முடிந்துபோனது.

நம்மிடம் அதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: சாணித்தாள். பழுப்பாக, சொரசொரப்பாக, விரலில் மை ஒட்டுகிற அந்தத் தாளைப் பார்த்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை. தாள் மலிவு என்பதால்தான் இந்தக் கதைகள் எங்கள் தெரு வரைக்கும் வந்தன. அதே மலிவுதான் அவற்றை எடைக்கடைக்கும் அனுப்பியது. கீழே நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டைப் பற்றியதுதான்.

தமிழில் எப்போது ஆரம்பித்தது?

கதையைத் துண்டு துண்டாகப் பத்திரிகையில் போடுவது 1890களிலேயே இருந்தது. பி.ஆர். ராஜம் அய்யரின் கமலாம்பாள் கதை ‘விவேக சிந்தாமணி’யில் 1893 முதல் தொடராக வந்ததுதான். ஆனால் மர்மம், கொலை, மாறுவேடம் என்று ஜனங்கள் தேடிப்போய் வாங்கிய நாவல் என்றால் ஜே.ஆர். ரங்கராஜுவைச் சொல்ல வேண்டும். அவருடைய ‘இராஜாம்பாள்’ 1908இல் வந்தது. துப்பறியும் கோவிந்தன் அவர் படைத்த ஆள். அவருக்குப் பின் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார். வடுவூரார் ‘மனோரஞ்சிதம்’ என்று தனக்கென்றே ஒரு மாதப் பத்திரிகை நடத்தி அதில் நாவல் போட்டார். அவருடைய ‘மேனகா’ 1935இல் படமானது. ‘திகம்பர சாமியார்’ 1950இல் படமானபோது எம்.என். நம்பியார் பல வேடங்களில் வந்தார்.

இதில் வட சென்னை எங்கே வருகிறது?

எல்லா இடத்திலும் வருகிறது. வாருங்கள், சென்ட்ரலில் இறங்கி நடந்தே பார்த்துவிடலாம்.

சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பூங்கா நகரில் இருக்கும் ஈவ்னிங் பஜாரை அந்தக் காலத்தில் குஜிலிக் கடை என்பார்கள். அங்கே காலணா, அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகம் விற்றது. எட்டுப் பக்கம் இருக்கும், சில சமயம் அதற்கும் கொஞ்சம் கூட. ஊரில் ஒரு கொலை நடந்தால் அதைப் பற்றிக் கொலைச்சிந்து, வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து, ரயில் கவிழ்ந்தால் அதற்கொரு பாட்டு. பாடிக்கொண்டே ரயிலிலும் சந்தையிலும் விற்பார்கள். படிக்கத் தெரியாதவர் காதால் கேட்டு, பிடித்துப்போய், வீட்டில் யாராவது படிக்கட்டும் என்று வாங்கிப் போவார். ஆ.இரா. வேங்கடாசலபதி இவற்றைத் தேடித் தொகுத்து ‘முச்சந்தி இலக்கியம்’ என்று பெயர் வைத்தார். பொருத்தமான பெயர். முச்சந்தியில் நின்று விற்றதுதானே?

அங்கிருந்து தங்கசாலைத் தெருவைப் பிடித்து வடக்கே நடந்தால் கொண்டித்தோப்பு. வெங்கட்ராமா தெருவில் பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ், அவர்களுடைய திருமகள் விலாச அச்சகம். ‘பெரிய எழுத்து’ புத்தகங்களுக்குத் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த முகவரி இதுதான். தேசிங்கு ராஜன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, மதனகாமராஜன் கதை, விக்கிரமாதித்தன் கதை. கிராமத்துத் திருவிழாக் கடையில் தரையில் பரப்பி வைத்திருந்த புத்தகத்தைத் திருப்பினால் பின்பக்கத்தில் எங்கள் கொண்டித்தோப்பு முகவரி இருக்கும்.

கிழக்கே கொஞ்சம் திரும்பினால் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. ‘லக்ஷ்மி’ என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி படித்தது அங்கேதான். படிப்புச் செலவுக்காக ஆனந்த விகடனில் கதை எழுத ஆரம்பித்தவர், பின்னால் 1984இல் சாகித்திய அகாதமி விருது வரைக்கும் போனார். ஒரு பெண் டாக்டருக்குப் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், இந்தப் பத்திரிகைகள் ஃபீஸ் கட்ட உதவியிருக்கின்றன என்பதை நான் ஸ்டான்லி வாசலைத் தாண்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

மேற்கே வந்தால் வேப்பேரி. தினத்தந்தி அலுவலகம், அதன் குடும்பத்திலிருந்து 1962இல் வந்த ‘ராணி’ வார இதழ். அதையும் தாண்டிப் புரசைவாக்கம் நெடுஞ்சாலையில் ‘குமுதம்’. எஸ்.ஏ.பி. அண்ணாமலை 1947இல் தொடங்கியது. புரசைவாக்கத்தை வட சென்னையில் சேர்ப்பதா மத்திய சென்னையில் சேர்ப்பதா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. பெரம்பூர்க்காரர்கள் எப்போதோ எங்களோடு சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்.

‘பெரிய எழுத்து’ என்று ஏன் பெயர்?

எழுத்து பெரிதாக இருக்கும், அதனால்தான். வயதானவருக்கும், புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும், மாலை வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுகிறவருக்கும் அந்த அளவு தேவைப்பட்டது. நடுநடுவே மரக்கட்டையில் செதுக்கிய படங்கள் வரும்.

பழைய துப்பறியும் நாவல்கள் எல்லாம் இங்கிலீஷிலிருந்து காப்பி அடித்தவையாமே?

நிறைய உண்மை. லண்டனில் ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸ் என்பவர் 1840களில் பென்னிக்கு விற்ற வாரத் தொடர்கள் நம்மவர்களுக்குப் பெரிய சுரங்கமாக இருந்தன. ஆரணி குப்புசாமி முதலியார் வெளிநாட்டு நாவல்களை எடுத்து, ஊர் பெயர் ஆள் பெயர் எல்லாவற்றையும் தமிழாக்கி, நடுவில் வேதாந்தமும் சேர்த்து எழுதினார். அவர் ஆசிரியராக இருந்த ‘ஆனந்த போதினி’ 1915இல் தொடங்கிய மாத இதழ், வெகுகாலம் பரவலாகப் படிக்கப்பட்டது. தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகளே ரெயினால்ட்ஸின் ஒரு நாவலைத் தழுவி ‘குமுதவல்லி’ எழுதினார் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். உண்மைதான்.

காப்பி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. லண்டன் பிரபு தஞ்சாவூர் மிராசுதாராக மாறும்போது வீடு மாறுகிறது, சாப்பாடு மாறுகிறது, பெண்ணுக்கு வரும் ஆபத்தும் மாறுகிறது. வடுவூராரின் மாமியார் நாத்தனார் கொடுமைப் பக்கங்களை எந்த இங்கிலீஷ்காரரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

பெண்கள் நடத்திய கதைப் பத்திரிகை உண்டா?

வை.மு. கோதைநாயகி அம்மாள். பள்ளிக்கூடம் போகாதவர், திருவல்லிக்கேணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், தோழியிடம் எழுத்துக் கற்றுக்கொண்டவர். நொடித்துக் கிடந்த ‘ஜகன்மோகினி’யை 1925இல் வாங்கி, தன் தொடர் நாவலைப் போட்டுத் தூக்கி நிறுத்தினார். பத்திரிகையும் அவரே, பதிப்பும் அவரே. 115 நாவல்கள். நடுவில் காங்கிரஸ் போராட்டத்தில் சிறைக்கும் போய் வந்தார். 1960இல் காலமானார். வீட்டு வாசலைத் தாண்டாத பெண்கள் சந்தா கட்டித் தபாலில் வரவழைத்த பத்திரிகை அது. என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் முதல் இருக்கை அவருக்கே.

தொடர்கதைக்கு அவ்வளவு கூட்டமா? கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்களோ?

இல்லை. எஸ்.எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கி, நகைச்சுவையும் குறுக்கெழுத்துப் போட்டியும் தொடர்கதையுமாக அதை வீடு வீடாகக் கொண்டுபோனார். அங்கே இருந்த கல்கி வெளியே வந்து 1941இல் சதாசிவத்தோடு சேர்ந்து ‘கல்கி’ தொடங்கினார். 1950 முதல் 1954 வரை மூன்றரை வருஷம் பொன்னியின் செல்வன் ஓடியது. மணியம் போட்ட படங்களால் இன்றைக்கும் வந்தியத்தேவன் என்றால் ஒரு முகம் நமக்கு வருகிறது. குமுதத்தில் சாண்டில்யன் தன் சரித்திரத் தொடர்களில் கப்பலேறினார். 1968இல் ‘நைலான் கயிறு’ தொடரோடு சுஜாதா வந்தார், வாக்கியங்களே குட்டையாகிப்போயின.

ஆனால் கூட்டத்தை நான் பார்த்தது அப்பாவின் பைண்டிங் மேசையில்தான். வாரா வாரம் தொடர்கதைப் பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்து வைத்து, முடிந்ததும் பைண்டு பண்ணக் கொண்டுவருவார்கள். துணிப்பையில், முறத்தில், ஒரு தடவை தலையணை உறையில்கூட. பக்கங்களை வரிசைப்படுத்துவது என் வேலை. பக்க எண் உதவாது, ஒவ்வொரு வாரமும் வேறு பக்கத்தில் வந்திருக்கும். அத்தியாய எண்ணும், ‘முன்கதைச் சுருக்க’மும்தான் வழிகாட்டி. அடுக்கி முடித்ததும் அப்பா குத்தூசியால் ஓரத்தில் துளை போட்டு, நூல் கோத்துத் தைப்பார். மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார். அந்த நீலநிற வாடை இன்னும் சில தொகுதிகளில் இருக்கிறது. முதுகுக்குக் காலிகோ துணி.

தொடர் ஒரு பக்கத்தில் முடிந்தால் அதன் பின்பக்கம் வேறு எதாவது இருக்கும். பாதிச் சமையல் குறிப்பு, தலையில்லாத ஜோக், பல்பொடி விளம்பரம், யாரோ ஒரு நடிகையின் பேட்டியில் மூன்று கேள்வி. அதை வெட்டி எடுக்க அப்பா விடமாட்டார். “அதுவும் அந்த வாரம்தாம்மா” என்பார். இப்போது ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு அந்தப் பின்பக்கங்களைத்தான் போட்டோ எடுக்கிறார்கள்.

அம்மாவின் சாண்டில்யன் தொகுதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் நடுவே ஓர் அத்தியாயம் இல்லை. நான் பிறந்த வாரம். அம்மா ஆஸ்பத்திரியில், பத்திரிகை வாங்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா படித்துவிட்டு வந்து கதையைச் சொல்லியிருக்கிறார். அதை அம்மா கோடு போட்ட நோட்டுத் தாளில் பேனாவால் எழுதி, அப்பா அந்தத் தாளை அதே இடத்தில் வைத்துத் தைத்துவிட்டார். ஒன்றரைப் பக்கம். ‘கப்பல் புறப்பட்டுவிட்டது, அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது’ என்று முடிகிறது.

இங்கே யார் இதையெல்லாம் படித்தார்கள்? மில் தொழிலாளிக்குப் படிக்க ஏது நேரம்?

நேரம் இருந்தது. சலூனில் முறை வரும்வரை, டீக்கடை பெஞ்சில், ஷிஃப்ட் முடிந்து ரயிலுக்குக் காத்திருக்கும்போது. பெரம்பூரில் பின்னி மில்லும் ரயில் பெட்டித் தொழிற்சாலையும், ராயபுரம் பக்கம் துறைமுகமும் இருந்த ஊர் இது. தெருமுனையில் கட்சிப் படிப்பகம் இருக்கும். பேப்பரும் வார இதழும் அங்கே இலவசம். தினத்தந்தியில் 1960இலிருந்து வரும் கன்னித்தீவு படக்கதையை எழுத்துக் கூட்டிப் படித்தே தமிழ் கற்றவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

அப்புறம் வாடகை நூலகங்கள். பத்துக்குப் பத்து அறை, மரப்பலகை அடுக்கு, ஒரு நீள நோட்டு. புத்தக விலையில் ஒரு சிறு பங்கு ஒரு நாள் வாடகை. என் ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. சாப்பாட்டுக்குப் பின் நான் படிப்பேன், அவர் வெற்றிலையை மடித்தபடி கேட்பார். கதாநாயகன் மேல் கோபம் வந்தால் அன்றைக்கு “நிறுத்து, அவன் திருந்தட்டும், நாளைக்குப் பார்க்கலாம்” என்பார்.

‘இந்து நேசன்’ இந்த வகையில் சேருமா?

கதைப் பத்திரிகை இல்லை; சினிமாக்காரர்களின் சொந்த வாழ்க்கையைக் கிசுகிசுவாக எழுதிய பத்திரிகை. ஆனால் அதே மலிவுத் தாள், அதே பெட்டிக்கடை வாசகர். அதன் ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குப் பின் 1947இல் விடுதலையானார்கள். பாகவதரின் வாழ்க்கை அதன் பிறகு பழையபடி ஆகவே இல்லை. எழுத்து ஆட்களை என்ன செய்யும் என்பதற்கு அதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

மாத நாவல் எப்படி வந்தது?

வாரா வாரம் காத்திருக்க வேண்டாம், ஒரு கதை ஒரே புத்தகத்தில் முழுசாக முடிந்துவிடும் என்பதுதான் யோசனை. ராணி குடும்பத்திலிருந்து 1969இல் ‘ராணி முத்து’ ஒரு ரூபாய்க்கு வந்தது. குமுதம் குடும்பத்திலிருந்து ‘மாலைமதி’. 1980களில் ஜி. அசோகனின் ‘பாக்கெட் நாவல்’, ‘க்ரைம் நாவல்’ எல்லாம் வந்து பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கின. வாழைப்பழத் தாருக்கும் ஷாம்பு சாஷேவுக்கும் நடுவில், சட்டைப் பையில் செருகும் அளவில்.

அச்சகத்துக் கணக்கு எளிது. 16 பக்கம் ஒரு பாரம். ஆறு பாரம் என்றால் 96 பக்கம். கதை அதற்குள் முடிய வேண்டும். கூடினால் எழுத்தைப் பொடிதாக்குவார்கள், குறைந்தால் வாசகர் கடிதம், துணுக்கு, அடுத்த மாத அறிவிப்பு என்று நிரப்புவார்கள். கடைசி இரண்டு பக்கத்தில் கதை திடுதிப்பென்று ஓடுவதற்கு எழுத்தாளரைத் திட்டாதீர்கள், பல சமயம் பாரம் தீர்ந்திருக்கும். நடுவில் இரண்டு பின் அடித்து, மூன்று பக்கமும் வெட்டி, வழவழப்பான ரேப்பர் ஒட்டினால் புத்தகம் தயார்.

அந்த ரேப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே சாணித்தாள், வெளியே பளபளக்கும் ஒரு முகம். ஜெயராஜ் வரைந்த பெண்களை ஒரு தலைமுறையே நினைவு வைத்திருக்கிறது. சில அட்டைகளை என் அம்மா செய்தித்தாள் போட்டு மூடித்தான் வீட்டுக்குள் வைப்பார். கதைக்குள் அட்டையில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது என்பதை நான் பதினாலு வயதில் கண்டுபிடித்தேன்.

ராஜேஷ்குமார் உண்மையிலேயே 1,500 நாவல் எழுதியிருக்கிறாரா? ஒரே ஆளா?

1,500க்கும் மேல், ஒரே ஆள், கோயம்புத்தூரிலிருந்து. மாதம் நாலைந்து இதழ் ஒரே பெயரைக் கேட்டால் வேறு வழியில்லை. அவருக்கு விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத்–சுசீலா, சுபாவுக்கு நரேந்திரன்–வைஜயந்தி. சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள்.

மற்றப்படி ஒருவர் பலராக எழுதியதும் உண்டு. குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் சூர்யா, ஹம்சா, மாலதி, கிருஷ்ணகுமார், துரைசாமி என்று கதையின் வகைக்கேற்பப் பெயர் மாற்றினார். கூட இருந்த ஜ.ரா. சுந்தரேசன் அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து ‘பாக்கியம் ராமசாமி’ ஆகி அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும் நமக்குத் தந்தார்.

சங்கர்லால்?

தமிழ்வாணன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ‘கல்கண்டு’ இதழ். அவருடைய துப்பறியும் சங்கர்லால் எந்த ஊருக்குப் போனாலும் தேநீர் குடிப்பார், தூய தமிழ் பேசுவார். எங்கள் தெருப் பையன்கள் அதைப் பார்த்து ஒரு வாரம் ‘தேநீர்’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் பொறுமையாகக் கொடுத்தார்.

காமிக்ஸ்?

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ். வேப்பேரியிலிருந்து 1984 முதல் 2005 வரை ராணி காமிக்ஸ். இரும்புக்கை மாயாவிக்கு இருக்கும் விசிறிகளோடு நான் போட்டி போட முடியாது; அவர்களிடமே கேளுங்கள்.

இதெல்லாம் இலக்கியமா?

இந்தக் கேள்விக்கு வயது தொண்ணூறு. 1933இல், சிறுகதைக்குப் பேர்போன ‘மணிக்கொடி’ இதழ் வந்த காலத்திலிருந்தே, பத்திரிகைக் கதை வாசகனைக் கெடுக்கிறது என்று ஒரு பக்கமும், வாசகனை உண்டாக்குகிறது என்று மறுபக்கமும் சண்டை நடக்கிறது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

மோசமான கதைகள் ஏராளம். பெண்ணைக் கேவலமாக எழுதியவை, ஒரு சாதியை, ஒரு வேலையை வில்லனாகவே காட்டியவை. எங்கள் பகுதியை ரவுடி ஊராக மட்டுமே எழுதிய நாவல்கள் என் பீரோவிலேயே இருக்கின்றன. காசிமேடு என்றால் கத்தி, வியாசர்பாடி என்றால் கடத்தல். இங்கே வாழ்ந்துகொண்டு, காசு கொடுத்து வாங்கி, அதைப் படித்தவர்களுக்கு அது வலித்தது. அதை மறைத்து இந்தப் பத்திரிகைகளைக் கொண்டாட நான் தயாரில்லை.

வாசகர்களும் சும்மா இருக்கவில்லை. சுஜாதா குமுதத்தில் ‘கருப்பு சிவப்பு வெளுப்பு’ என்று ஒரு தொடர் ஆரம்பித்தபோது எதிர்ப்பு எழுந்து அது நின்றது. பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற தலைப்பில் வேறு மாதிரியாக வந்தது. நல்லதோ கெட்டதோ, எழுதுகிறவர் கதவைத் தட்டும் தூரத்தில் படிக்கிறவர் இருந்தார்.

ஆனால் இலக்கியமா என்பதை விட எனக்கு முக்கியமானது இன்னொன்று. அசோகமித்திரனையும் ஜெயகாந்தனையும் நான் படித்தது கல்லூரியில். படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது ஆயாவுக்குப் படித்துக் காட்டிய மாத நாவலில். அந்தப் படி இல்லாமல் அடுத்த படிக்கு நான் வந்திருக்க மாட்டேன், என் வீட்டில் அதற்கு முன் யாரும் வந்ததில்லை.

மூர் மார்க்கெட்டில் எல்லாம் கிடைக்குமாமே?

கிடைத்தது. 1900இல் திறந்த சிவப்புக் கட்டடம், சென்ட்ரலை ஒட்டி. பழைய புத்தகக் கடைகளின் வரிசையில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். தொடரில் விட்டுப்போன இதழ்களைத் தேடிப் பெண்கள் சீட்டு எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். 1985 மே 30 அன்று தீப்பிடித்தது. மறுநாள் அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடவில்லை. ரப்பர் செருப்பின் அடியில் கருகிய தாள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. எத்தனை ஆயிரம் இதழ்களின் கடைசிப் பிரதி அங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. கடைக்காரர்கள் பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். இன்றும் அங்கே பழைய புத்தகம் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் பாடப் புத்தகம்.

அப்புறம் இந்தக் கதைப் பத்திரிகை அலை ஏன் நின்றது?

டி.வி. சென்னையில் தூர்தர்ஷன் 1975இல் வந்தது. அதோடு பத்திரிகைகள் ஒத்துப்போயின. 1993இல் சன் டி.வி. வந்து, தினமும் சாயங்காலம் ‘தொடரும்’ போட ஆரம்பித்த பிறகுதான் அடி விழுந்தது. வாரம் ஒருமுறை வரும் கதை தினம் வரும் கதையோடு மோத முடியுமா? எழுத்தாளர்களும் அங்கே போனார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் ‘மர்மதேசம்’ எழுதினார், சுபா சினிமாவுக்கு எழுதினார்கள். பிறகு செல்போன். 2020இல் கொரோனா ஊரடங்கில் கடை திறக்கவில்லை, வண்டி ஓடவில்லை. ‘கல்கி’ அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. கதை படிக்கிற கூட்டம் போகவில்லை. மெட்ரோவில் என் பக்கத்தில் உட்காரும் பெண்கள் ரமணிச்சந்திரன் பாணிக் குடும்ப நாவல்களைப் போனில் தள்ளித் தள்ளிப் படிக்கிறார்கள். தாள்தான் போனது.

பழையவற்றை இப்போது எங்கே பார்க்கலாம்?

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்ததுதான் அதன் விதை. மற்றவர்கள் குப்பை என்றதையெல்லாம் அவர் எடுத்து வைத்தார். குஜிலிப் பாட்டு முதல் நாடக நோட்டீஸ் வரை அங்கே உண்டு. எழும்பூரில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம். வீட்டிலிருந்தே பார்க்க அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்னூலகம் இருக்கிறது, பழைய இதழ்கள் நிறைய ஏற்றியிருக்கிறார்கள்.

பழைய நாவலை ஸ்கேன் செய்து போடலாமா?

எழுத்தாளர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு வரை உரிமை உண்டு. வடுவூரார் 1942இல் மறைந்தார், தாராளமாகப் போடலாம். கோதைநாயகி அம்மாளின் நாவல்கள் 2021இலிருந்து பொதுவுடைமை. தமிழ்வாணன் 1977இல் இறந்தார், 2037 முடியும்வரை குடும்பத்தைக் கேட்காமல் போடக் கூடாது. உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களின் மாத நாவல்களை பி.டி.எஃப். ஆக்கிச் சுற்றுக்கு விடுபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அவர்கள் ஒரு நாவலுக்கு வாங்கிய தொகை என்னவென்று தெரிந்தால் மனம் வராது.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மூட்டை இருக்கிறது. எடைக்குப் போடலாமா?

வேண்டாம். எங்கள் பகுதியில் ஒரு வாடகை நூலகம் மூடியபோது மொத்தமும் கிலோக் கணக்கில் போய்விட்டது. நான் விஷயம் தெரிந்து ஓடுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அதற்கப்புறம் ஒரு மாதம் முனைக்கடையில் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கும்போதெல்லாம் பிரித்துப் பார்த்தேன். ஒரு பொட்டலத்தில் அந்த நூலகத்தின் ரப்பர் ஸ்டாம்பு இருந்தது.

முதலில் மூட்டையை நிழலில் பிரியுங்கள். வெயிலில் போட்டால் சாணித்தாள் அப்பளம் போல நொறுங்கும். துருப்பிடித்த பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு நூலால் தைத்துக்கொள்ளுங்கள், துரு தாளைத் தின்கிறது. செல்லோடேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள். கடற்காற்று அடிக்கும் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் சுவரோடு ஒட்டாமல் பீரோவை ஒரு சாண் தள்ளி வையுங்கள். அடித்தட்டில் எதுவும் வேண்டாம். 2015 டிசம்பர் மழையில் என் அடித்தட்டு இரண்டும் முழுகின. பழைய அச்சு மை தண்ணீரில் கரையவில்லை, உள்பக்கங்களைக் கொடியில் துணி மாதிரி போட்டு உலர்த்தி மீட்டேன். வழவழப்பான அட்டைகள்தான் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிட்டன. ஈரமாக இருக்கும்போதே பிரித்திருக்க வேண்டும், எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

முதல் பக்கத்தில் யார் பெயராவது எழுதியிருந்தால், ஓரத்தில் பால் கணக்கு இருந்தால், அதை அழிக்காதீர்கள். பட்டியல் போடும்போது அதையும் எழுதிக்கொள்ளுங்கள்: இதழ் பெயர், தேதி, விலை, எந்தப் பக்கம் இல்லை, யார் கையெழுத்து. சரி, எல்லாம் முடிந்தும் இடமில்லை, வைத்துக்கொள்ள முடியாது என்றால் நூலகத்திடம் பேசிப் பாருங்கள். எடைக்கடைக்காரர் வரும் நாளுக்கு முன்னால் பேசுங்கள்.